பொய்ச்சான்று கூறிய மனச்சான்று
மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' புதினத்தில் அறமும் சமுதாயமும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'மனச்சான்று' என்னும் சொல் ஆழ்ந்த பொருளுடையது. சான்று என்றால் சாட்சி. பிறர் எவரும் காணாத இடத்தில் ஒருவன் செய்வனவற்றிற்கும் அவனுடைய மனமே சாட்சியாக நிற்கிறது என்பது அச்சொல்லின் உட்பொருள். ஆனால் வழக்கு மன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறுபவருக்கு, என்ன சொல்ல வேண்டும் என்று முன்னரே சொல்லிக்கொடுத்து அழைத்து வருவாரும் உண்டு. உள்ளத்தில் நிற்கும் சாட்சியும் அவ்வாறு சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியாக இருந்துவிட்டால் மனிதனின் நிலை என்ன? நல்லது இன்னது, தீயது இன்னது என்று உள்ளிருந்து ஒலிக்கும் குரல் ஊரின் குரலாகவே இருந்துவிட்டால் அவன் எதைக்கொண்டு நன்மை செய்வான்?

இவ்வினாவைத் தத்துவ நூலார் பலர் எழுப்பியுள்ளனர். அதைப் பதின்மூன்று, பதினான்கு வயதுடைய, ஊரார் ஒதுக்கிய, குடிகாரத் தந்தைக்குப் பிறந்த ஒரு சிறுவனின் வாயில் வைத்து, அவன் அறிந்த பேச்சுமொழியிலேயே உலகின் முன் நிறுத்திய புதினம் மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்'. சிறுவர்க்குரிய வீரதீரக் கதை என்று இதனை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவார் உளர். அந்நூலினுள் நடைபெறும் வழக்கு பெரியோர்க்கு உரியது.

ஆசிரியரும் அவர் வளர்ந்த ஊரும்

மார்க் ட்வைன் என்பது புனைபெயர். சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமென்ஸ் என்பது இயற்பெயர். 1835 நவம்பர் 30 அன்று மிசௌரி மாநிலத்தில் பிறந்து, மிஸிஸிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். மிசௌரி 1821இல் அடிமை முறையை ஏற்ற மாநிலமாகவே அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆற்றின் மறுகரையில் இருந்த இலினாய் அடிமை முறை இல்லாத மாநிலம். ஓர் ஆற்றின் அகலமே ஒரு மனிதன் பொருளா, ஆளா என்பதை முடிவு செய்த நிலம் அது. அவ்வகலத்தைக் கடந்தவனையும் பிடித்துத் திருப்பி அனுப்பச் சட்டம் இருந்தது.

அடிமைகள் தப்புவதற்கு உதவ முயன்ற மூவர்மீது 1841இல் அம்மாநிலத்தில் வழக்கு நடந்தது. மூவருக்கும் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அவர்களைக் குற்றவாளிகள் எனக் கண்ட நடுவர் குழுவில் ஒருவர் ட்வைனின் தந்தை ஜான் மார்ஷல் கிளெமென்ஸ். அவர் கொடியவர் அல்லர். நேர்மையாளர் என்று ஊரில் பெயர் பெற்றவர். அதுவே இங்கு நோக்கத்தக்கது. தம் பள்ளிப் பருவத்தில் அடிமை முறை தவறு என்ற எண்ணமே தமக்கு இருந்ததில்லை என்று ட்வைன் பிற்காலத்தில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார். யாரும் அதனைக் குறை கூறிக் கேட்டதில்லை. தேவாலய மேடையும் அதற்கு இறைவனின் இசைவு உண்டென்றே போதித்தது என்பது அவர் தரும் விளக்கம். தந்தை, ஆசிரியர், சட்டம், மறை என நான்கும் ஒரே பாடத்தைச் சொன்னால் சிறுவனின் மனச்சான்று வேறெதைச் சொல்லும்?

ஆயினும் அதே ஊரில் அதற்கு மாறான ஒரு செயலும் நடந்தது. ஹக் என்னும் பாத்திரத்திற்கு மாதிரியாக அமைந்தவன் டாம் பிளாங்கன்ஷிப் என்னும் ஏழைச் சிறுவன். அவனுடைய அண்ணன் 1847இல், இலினாய்ப் பக்கத்துத் தீவொன்றில் ஒளிந்திருந்த தப்பியோடிய அடிமை ஒருவனுக்குக் கமுக்கமாக உணவு கொண்டுபோய்க் கொடுத்தான். காட்டிக்கொடுத்தால் பரிசுப் பணம் உண்டு. கொடுப்பவனோ பட்டினி கிடந்த குடும்பத்தான். அவன் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் வேறு சிலர் துரத்த, அவ்வடிமை நீரில் மூழ்கி இறந்தான். ஊரில் மதிப்பற்ற குடும்பம் ஒன்றிலிருந்து எழுந்த அச்செயல் நாற்பதாண்டுகள் ஒரு கலைஞனின் நெஞ்சில் கிடந்து புதினமாயிற்று.

ட்வைன் இந்நூலை 1876இல் தொடங்கினார். இடையில் பல்லாண்டுகள் கிடப்பில் போட்டார். 1882இல் மீண்டும் மிஸிஸிப்பியில் பயணம் செய்து வந்த பின் எழுதி முடித்தார். 1884 டிசம்பரில் இங்கிலாந்திலும் கனடாவிலும், 1885 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் நூல் வெளிவந்தது. கதை நடப்பதோ அதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன். அடிமை முறை 1865இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஒழிந்துபோன கொடுமையைப் பற்றி இருபதாண்டுகள் கழித்து எழுதுவானேன்? சட்டம் ஒழிந்தது, சட்டம் வளர்த்த மனச்சான்று ஒழியவில்லை என்பதே இவ்வினாவிற்கு நூல் தரும் விடை.

கதைச் சுருக்கம்

டக்ளஸ் என்னும் கைம்பெண் ஹக்கை எடுத்து வளர்க்கிறாள். அவளுடைய தங்கை மிஸ் வாட்சன் அவனுக்கு எழுத்தும் நரகமும் கற்பிக்கிறாள். ஹக்கின் பணத்தின்மேல் கண் வைத்த தந்தை அவனைக் கடத்திக் காட்டுக் குடிசையில் பூட்டுகிறான். தான் கொலையுண்டது போலத் தடயம் அமைத்துவிட்டு ஹக் தப்பி, ஜாக்சன் தீவை அடைகிறான். அங்கே மிஸ் வாட்சனின் அடிமையாகிய ஜிம் ஒளிந்திருக்கிறான். 800 டாலருக்கு அவனைத் தெற்கே நியூ ஆர்லியன்சுக்கு விற்க எசமானி எண்ணுவதைச் செவியுற்று ஓடி வந்தவன் அவன். சிறுவனும் அடிமையும் ஒரு தெப்பத்தில் ஏறுகின்றனர். இரவில் பயணம், பகலில் ஒளிவு. ஒஹையோ ஆறு வந்து கலக்கும் கெய்ரோ நகரில் இறங்கி, விடுதலை நிலம் நோக்கிச் செல்வது திட்டம். மூடுபனியில் கெய்ரோ தவறிப்போகிறது. விடுதலை தேடிய தெப்பம் அடிமை நிலத்தின் உள்ளேயே மேலும் மேலும் மிதந்து செல்கிறது. இந்த முரணிலேயே நூலின் துயரம் அடங்கியிருக்கிறது.

நெஞ்சம் ஏறிய நான்கு படிகள்

ஹக்கின் மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதன்று. முதற்படி ஓர் இலக்கண மாற்றம். தீவில் ஆள்தேடப் போகிறார்கள் என்று அறிந்ததும் ஹக் ஓடிவந்து ஜிம்மை எழுப்புகிறான். தேடப்படுவது ஜிம் ஒருவனே. ஹக் இறந்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. ஆனால் தேடுவோர் துரத்துவது தங்கள் இருவரையும் என்பது போலப் பன்மையில் பேசுகிறான் சிறுவன். உரையோ விளக்கமோ இல்லை. ஒருமை பன்மையாகிறது, அவ்வளவே. கவிதை எழுதுவோர் இவ்விடத்தை மீண்டும் மீண்டும் படித்தல் தகும்.

இரண்டாம் படி மூடுபனியில் நிகழ்கிறது. பிரிந்து தவித்து மீண்டும் சேர்ந்தபோது, பிரிவே நடக்கவில்லை, எல்லாம் கனவு என்று ஹக் விளையாட்டாகப் பொய் சொல்கிறான். உண்மை தெரிந்ததும் ஜிம் சினந்து கத்தவில்லை. தோழனைத் தலைகுனியச் செய்பவன் குப்பைக்குச் சமம் என்ற பொருள்படப் பேசிவிட்டு உள்ளே போய்விடுகிறான். அடிமை ஒருவன் முன் தாழ்ந்து மன்னிப்புக் கேட்க ஹக்கிற்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. நூற்றாண்டுகளின் செருக்கைக் கரைக்கப் பதினைந்து நிமிடம். பின்னர் ஒருபோதும் அதற்காக அவன் வருந்தியதில்லை.

மூன்றாம் படியில் வழக்கு சூடு பிடிக்கிறது. விடுதலை நெருங்குகிறது என்ற மகிழ்ச்சியில் ஜிம் பேசுகிறான்: பாடுபட்டுச் சேர்த்து மனைவியை விலைக்கு வாங்குவான், பின் இருவரும் உழைத்துப் பிள்ளைகள் இருவரையும் வாங்குவர், உடையவன் விற்க மறுத்தால் ஆள் வைத்துத் திருடியாவது மீட்பான். தன் பிள்ளைகளையே திருடப் போவதாக ஒரு தந்தை கூறுவது கேட்டு ஹக் திடுக்கிடுகிறான். தனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒருவரின் உடைமை அல்லவா அப்பிள்ளைகள் என்று அவன் மனச்சான்று குத்துகிறது. இங்கே வாசகர் சிரிக்கிறார். சிரித்த மறுகணம் வாயடைத்துப் போகிறார். காட்டிக்கொடுக்கப் புறப்பட்ட ஹக், துப்பாக்கியுடன் படகில் வந்த இரு ஆள்பிடிகாரரைக் கண்டதும், தெப்பத்தில் இருப்பவருக்குப் பெரியம்மை என்று அவர்கள் எண்ணும்படி பேசி விரட்டிவிடுகிறான். அதன்பின்னும் தான் செய்தது தவறு என்றே கருதுகிறான்.

நான்காம் படி நூலின் முப்பத்தொன்றாம் இயலில் வருகிறது. 'அரசன்' எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஏமாற்றுக்காரன் ஒருவன் ஜிம்மை 40 டாலருக்கு விற்றுவிடுகிறான். ஹக் வழிபட முழந்தாளிடுகிறான், சொல் வரவில்லை. பொய்யை வழிபாடாகச் சொல்ல இயலாது என்று உணர்கிறான். பின்னர் மிஸ் வாட்சனுக்கு ஜிம் இருக்குமிடத்தைத் தெரிவித்து மடல் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டது போன்ற தூய்மை! மனச்சான்று மனநிறைவடைந்துவிட்டது. ஆனால் நினைவு வந்து நிற்கிறது. தான் உறங்கட்டும் என்று தனக்குரிய காவல்முறையையும் சேர்த்துப் பார்த்த ஜிம். மூடுபனியிலிருந்து மீண்டபோது மகிழ்ந்த ஜிம். உலகில் தனக்கிருக்கும் ஒரே நண்பன் என்று சொன்ன ஜிம். இருபுறமும் நோக்கி, மூச்சடக்கி, நரகத்திற்கே போவதென முடிவு செய்து மடலைக் கிழிக்கிறான்.

நரகம் என்பது அச்சிறுவனுக்கு உருவகம் அன்று, எரியும் நெருப்பு. ஓர் உயிருக்காகத் தன் ஆன்மாவையே அவன் விலையாகக் கொடுக்கிறான். அதற்குக் கைம்மாறாக 'நல்லவன்' என்ற பெயரைத் தன் உள்ளத்திடமிருந்துகூட அவன் பெறவில்லை. நலமான நெஞ்சமும் உருச்சிதைந்த மனச்சான்றும் மோதி, மனச்சான்று தோற்கும் கதை இது என்று 1895இல் ட்வைன் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தது இதைத்தான். உள்ளத்தில் நின்ற சாட்சி பொய்ச்சான்று கூறியது. அதை எதிர்த்து வழக்கை வென்றது நட்பின் நினைவு.

நல்லவர்கள் நிறைந்த ஊர்

இப்புதினத்தின் கொடியவர் யார் என்று தேடினால், ஹக்கின் தந்தையும் இரு ஏமாற்றுக்காரரும் எளிதில் அகப்படுவர். ஆனால் ட்வைனின் கூரிய பார்வை அவர்கள்மீது மட்டும் நிற்பதன்று. மிஸ் வாட்சன் இறைப்பற்று மிக்கவள். அவள்தான் ஒரு தந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்து விற்க எண்ணியவள். கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பத்தார் பண்பாளர். பகைக் குடும்பத்தாருடன் ஒரே தேவாலயத்தில், துப்பாக்கியைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, சகோதர அன்பு பற்றிய சொற்பொழிவைக் கேட்டு, நன்றாக இருந்தது என்று பாராட்டிக்கொண்டே வீடு திரும்புகின்றனர். பின்னர் அப்பகையில் சிறுவர்களும் மாள்கின்றனர். சாலி அத்தை அன்பே உருவானவள். நீராவிக் கப்பல் விபத்தில் யாருக்கும் காயமில்லை, ஒரு கறுப்பின மனிதன் மட்டும் இறந்தான் என்று ஹக் இட்டுக்கட்டிச் சொன்னதும், நல்லவேளை, சில சமயம் மனிதர்க்கு அடிபட்டுவிடுகிறது என்று ஆறுதல் கொள்கிறாள்.

அவ்விடையில் எள்ளல் அவள்மீது மட்டுமா? இட்டுக்கட்டியவன் ஹக். ஜிம்மிற்காக நரகம் ஏற்றவனின் நாவிலும் அப்பேச்சு இயல்பாக வருகிறது. ஒரு மனிதனை நேசிக்கக் கற்றவன் ஓர் இனத்தை மதிக்கக் கற்றுவிடவில்லை. செவிகேளா மகளை அறியாது அடித்துவிட்டேனே என்று ஜிம் அழுது புலம்பும்போதும், வெள்ளையரைப் போலவே அவனும் தன் மக்கள்மேல் அன்புடையவன் போலும் என்று ஹக் வியக்கவே செய்கிறான். நெஞ்சம் முன்னே சென்றுவிட்டது. சொல்லும் கருத்தும் அதன் பின்னே நொண்டி வருகின்றன. ட்வைன் ஹக்கைப் புனிதனாக்கவில்லை. அதனாலேயே அவன் நம்பத்தக்கவனாகிறான்.

பம்பாயில் எழுந்த நினைவு

இந்நூல் வெளிவந்து பதினோராண்டுகள் கழித்து, 1896இல், ட்வைன் உலகப் பயணத்தின் ஒரு பகுதியாக இந்தியா வந்தார். பம்பாயில் தங்கிய விடுதியில் ஐரோப்பியர் ஒருவர் பணியாள் ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததைக் கண்டார். அடிபட்டவர் மறுமொழி கூறாது நின்றார். அக்கணமே ஐம்பதாண்டுகள் பின்னோக்கி ஹானிபல் ஊர் அவர் நெஞ்சில் எழுந்தது. தமக்குப் பத்து வயதிருக்கையில், ஏதோ சிறு பிழை செய்தான் என்பதற்காக ஒருவன் தன் அடிமையின் தலைமீது இரும்புக்கட்டி ஒன்றை எறிந்ததையும், ஒரு மணி நேரத்தில் அவ்வடிமை இறந்ததையும் நினைவு கூர்ந்தார். 1897இல் வெளியான பயண நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார். கொல்ல அவனுக்கு உரிமையுண்டு என்றே அச்சிறுவயதில் நம்பியதாகவும், ஆயினும் அது ஏதோ ஒருவகையில் தவறு என்று பட்டதாகவும், ஏன் தவறு என்று விளக்கும் அறிவு தமக்கு அன்று இல்லை எனவும் எழுதுகிறார். ஊரார் அக்கொலையை ஒப்பவில்லை. ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசவுமில்லை.

ஹக்கின் உள்ளத்துக்கு இதைவிடச் சிறந்த உரை வேறில்லை. தவறு என்று படுகிறது. ஏன் என்று சொல்லச் சொல் இல்லை. அச்சொல்லை எடுத்து வைத்துக்கொண்டு தராதிருந்தது ஊர்.

முடிவுப் பகுதி பற்றிய வழக்கு

நூலின் கடைசிப் பகுதி நெடுங்காலமாக விவாதத்திற்குரியது. ஜிம் ஒரு பண்ணைக் கொட்டகையில் சங்கிலியிடப்பட்டுக் கிடக்கிறான். டாம் சாயர் வருகிறான். பூட்டைத் திறந்து கூட்டிச் செல்வதற்குப் பதில், தான் படித்த வீரக்கதைகளின்படியே சிறைமீட்பு நடக்கவேண்டும் என்று பாம்பும் எலியும் கயிற்றேணியுமாகக் கூத்தடிக்கிறான். இறுதியில்தான் தெரிகிறது: மிஸ் வாட்சன் இரு மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டாள், உயில்வழி ஜிம் விடுதலை பெற்றவன், டாமுக்கு இது தொடக்கமுதல் தெரியும். ஹெமிங்வே 1935இல், அமெரிக்க நவீன இலக்கியம் முழுவதும் இந்நூலிலிருந்தே வருகிறது என்று போற்றியபோதே, ஜிம் கடத்தப்படும் இடத்தோடு படிப்பதை நிறுத்துமாறு அறிவுறுத்தினார். டி. எஸ். எலியட் 1950இல் முடிவை ஆதரித்தார். லியோ மார்க்ஸ் 1953இல் அதை வன்மையாக மறுத்தார்.

முடிவில் கலைக்குறை உண்டென்பதை மறுப்பதற்கில்லை, கேலி நீள்கிறது, ஜிம் பொம்மையாக்கப்படுகிறான். ஆயினும் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அது வேறொரு முகம் காட்டுகிறது. 1865இல் விடுதலை பெற்ற மக்களைக் காத்த ஒன்றியப் படைகள் 1877இல் தென்மாநிலங்களின் காவலிலிருந்து விலக்கப்பட்டன. 1875ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை 1883இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஏட்டளவில் விடுதலை பெற்றும் சங்கிலியில் கிடக்கும் மனிதன் என்பது ட்வைன் எழுதி முடித்த ஆண்டுகளின் உண்மை நிலை. ஆய்வாளர் சிலர் இறுதிப் பகுதியை இவ்வாறே வாசித்துள்ளனர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆள்பிடிகாரர் இருவரும் பெரியம்மைக்கு அஞ்சி, மனம் பொறாது, ஆளுக்கு 20 டாலர் தங்க நாணயம் மிதக்கவிட்டுப் போகின்றனர், கூட்டினால் 40. 'அரசன்' ஜிம்மை விற்ற விலை 40. பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு டாம் ஜிம்முக்குத் தரும் ஈடும் 40. இரக்கம், துரோகம், விளையாட்டு மூன்றிற்கும் ஒரே விலை. ஆசிரியர் இதைச் சுட்டிக்காட்டவில்லை. காண்பார் காணட்டும் என விட்டுவிட்டார்.

நூல் கண்ட எதிர்ப்பு

1885 மார்ச்சிலேயே மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு நகரப் பொதுநூலகம் இந்நூலை விலக்கியது. அன்றைய குற்றச்சாட்டு கொச்சை நடை, பண்பின்மை என்பவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கறுப்பினத்தாரை இழிக்கும் ஒரு சொல் நூலில் 200 முறைக்கு மேல் வருகிறது. வகுப்பறையில் அச்சொல்லைக் கேட்டு அமர்ந்திருக்க வேண்டிய கறுப்பினக் குழந்தையின் புண் பொய்யன்று. 2011இல் அச்சொல்லை நீக்கி 'அடிமை' என மாற்றிய பதிப்பொன்று வந்தது. சொல்லை நீக்கினால் புண் ஆறும் என்பர் ஒரு சாரார். சொல்லை நீக்கினால் குற்றத்தின் தடயமே மறையும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு; ஆசிரியர் துணையோடு, வரலாற்றோடு படிக்கவேண்டிய நூல் இது என்பது மட்டும் உறுதி.

இதற்கு நேரிய விடை 2024இல் ஒரு படைப்பாளியிடமிருந்து வந்தது. கறுப்பின எழுத்தாளர் பெர்சிவல் எவரெட் 'ஜேம்ஸ்' என்னும் புதினத்தில் இக்கதையை ஜிம்மின் வாயால் சொல்லவைத்தார். அதில் ஜிம் எழுதப் படிக்கத் தெரிந்தவன். கொச்சை மொழி வெள்ளையர் முன் அணியும் முகமூடி. அவன் கைக்கு ஒரு துண்டுப் பென்சில் வருகிறது. அதைத் திருடிக் கொடுத்தவன் உயிரை இழக்கிறான். 2025இல் அந்நூல் புலிட்சர் பரிசு பெற்றது. ஹக்கின் நெஞ்சில் சொல்லின்றிக் கிடந்த உண்மைக்கு, நூற்று நாற்பதாண்டுகள் கழித்து, ஜிம்மே சொல் தந்தான் எனலாம்.

நிறைவாக

இந்நூல் கவிஞர்க்கும் எழுத்தாளர்க்கும் விடுக்கும் எச்சரிக்கை ஒன்றுண்டு. நிறையப் படித்தவன், நடையழகு அறிந்தவன், கதை மரபுகளைக் கரைத்துக் குடித்தவன் டாம் சாயர். அவனுக்குப் பிறர் துன்பம் ஒரு காப்பியச் சுவை. விடுதலை பெற்ற மனிதனைச் சங்கிலியில் வைத்து அழகு பார்த்தவன் அவன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஹக்கோ ஒரு மடலை எழுதி, அதைக் கிழித்தான். அமெரிக்க இலக்கியத்தின் உயர்ந்த கணங்களுள் ஒன்று, எழுதியதைக் கிழித்த கணம்.

ஆனால் ஹக்கின் வெற்றிக்கும் எல்லை உண்டு. அவன் நெஞ்சம் ஜிம் ஒருவனைக் காத்தது. அடிமை முறை தவறு என்று அவன் ஒரு நாளும் எண்ணவில்லை. தான் கெட்டவன் என்றே இறுதிவரை நம்பினான். நல்லது, பாவம், உடைமை, திருட்டு என்னும் சொற்கள் எல்லாம் ஆண்டைகளின் கையில் இருந்தன. சொல் மாறாதவரை நல்ல நெஞ்சம் ஒவ்வொன்றும் தனித்தனியே, இருட்டில், குற்றவுணர்வோடுதான் நன்மை செய்யவேண்டியிருக்கும்.

அச்சொற்களை மீட்டுத் தருவது யார் பணி என்பதை இந்த அவைக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மொழியைக் கையாள்வோரின் முதற்கடன், தம் மனச்சான்று கூறும் சாட்சியத்தையே ஒருமுறை குறுக்கு விசாரணை செய்வது. அதற்கு ஒரு தெப்பமும், அதில் உறங்காமல் காவலிருந்த ஒரு மனிதனின் நினைவும் துணை நிற்கும்.